பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் கட்டுப்படியாகும் ஸ்டீயரிங் வீல்: தண்டிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியவருக்கு முதலில் உறுத்தும் பொருள் பெரும்பாலும் ஸ்டீயரிங் வீலாகத்தான் இருக்கிறது. பல ஆண்டுகள் வெயிலில் நின்றதால் வளையம் வெடித்திருக்கும், அல்லது மேலுறை இளகிக் கையில் பிசுபிசுக்கும், அல்லது முந்தைய உரிமையாளர் மாட்டிவிட்டுப் போன வீல் காருக்குச் சற்றும் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். வண்டி ஓடும் நேரம் முழுவதும் கை படுகிற பொருள் என்பதால் அதை மாற்ற நினைப்பதில் தவறில்லை. தவறு அடுத்த அடியில்தான் நேர்கிறது. அழகான ஒரு வீலின் படத்தைப் பார்த்து, விலையும் கைக்கு எட்டுவதாக இருந்தால் உடனே வாங்கிவிடுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகே அதைக் காரின் ஸ்டீயரிங் தண்டில் எப்படிப் பொருத்துவது என்று யோசிக்கத் தொடங்குகிறோம்.

அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வற்புறுத்தல். தண்டில் தொடங்கி, ஹப் (தண்டையும் வீலையும் இணைக்கும் பாகம்), துளை அமைப்பு, ஆழம், விட்டம் என்று படிப்படியாக வெளியே வந்து, வீலை எல்லாவற்றுக்கும் கடைசியாக வாங்குகிறவருக்கே செலவு கட்டுக்குள் நிற்கும். மலிவாகக் கிடைத்த வீலுக்கு ஹப் வேண்டும், ஹார்ன் பொத்தான் வேண்டும், சில வேளைகளில் வீலைச் சற்று முன்னே கொண்டுவரும் இடைத்தட்டும் நீளமான போல்ட்டுகளும் வேண்டும். இவை எல்லாம் சேர்ந்த தொகை வீலின் விலையைத் தாண்டிவிடுவது அரிதன்று. ஆகவே விலையை ஒப்பிடும்போது முழுத் தொகுதியின் விலையை எழுதி வைத்து ஒப்பிடுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமா

இருக்கும் வீலைச் சரிசெய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள், ஏனெனில் அதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை. தோல் தேய்ந்து நூல் பிரிந்த வீலுக்குப் புதுத் தோல் தைக்கலாம். அந்தந்த வீலின் அளவுக்கு வெட்டி, ஓரங்களில் தையல் துளையும் இட்ட தோலுறைகள் தனியாகவே கிடைக்கின்றன. இரண்டு ஊசிகளும் மெழுகு பூசிய நூலும் பொறுமையும் இருந்தால் ஓரிரு மாலைகளில் வேலை முடிந்துவிடும். பேக்கலைட் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன பழங்கால வளையங்கள் பெரும்பாலும் ஆரக்கால் வந்து சேரும் இடத்தில்தான் வெடிக்கின்றன. வெடிப்பைச் சிறு அரத்தால் ஆங்கில வி வடிவத்தில் அகலப்படுத்தி, தூசு நீக்கி, இரட்டைக் கலவை எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பின் உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் அடித்தால் அந்த இடம் தெரியாமலே போய்விடும். ஆனால் வெடிப்பின் வழியே தெரியும் இரும்பு வளையத்திலோ ஆரக்காலின் பற்றவைப்பிலோ கீறல் இருந்தால் அந்த வீலை மேற்கொண்டு ஓட்டுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. வண்ணப் பூச்சு கீறலை மறைக்குமேயன்றித் தாங்காது.

அடுத்த சிக்கன வழி, அதே நிறுவனம் அதே காரின் உயர்வகைப் பதிப்பிலோ சகோதர மாடலிலோ கொடுத்த வீலைத் தேடுவது. மாஸ்டா எம்.எக்ஸ்-5இன் ஜப்பானியப் பதிப்பான யூனோஸ் ரோட்ஸ்டரின் வி-ஸ்பெஷல் வகையில் இத்தாலிய வீல் நிறுவனமான நார்டியின் மர வளைய வீல் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. இப்படி ஒன்று உங்கள் காரின் குடும்பத்தில் இருந்தால், தண்டின் பல்வரிசையும் ஹார்ன் இணைப்பும் திருப்பம் முடிந்ததும் இண்டிகேட்டர் கம்பியைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும் அமைப்பும் ஒத்துப்போக நல்ல வாய்ப்பு உண்டு. தனி ஹப்புக்கான செலவும் மிச்சம். பழைய உதிரிபாகம் விற்பவரிடம் கேட்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் பாக எண்ணையும் தயாரிப்பு ஆண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஏர்பேக் உள்ள காராக இருந்தால்

1980களின் இறுதியிலிருந்து வந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் ஓட்டுநருக்கு ஏர்பேக் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு வெறும் வீலைப் பொருத்துவது பல நாடுகளில் சட்டப்படி செல்லாது. காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் அது காரணமாகலாம். உங்கள் நாட்டு வாகன விதியையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் படித்துவிட்டே இந்த முடிவை எடுக்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், தினமும் சாலையில் ஓடும் காரில் நல்ல நிலையில் உள்ள ஏர்பேக்கைக் கழற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். தோல் மாற்றித் தைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பழைய கார் என்பதாலேயே அதன் பாதுகாப்பு அமைப்பு பயனற்றதாகிவிடுவதில்லை.

சட்டம் அனுமதித்து, யோசித்த பிறகும் கழற்றுவதாகவே முடிவெடுத்தால், அந்த வேலையை விவரமறிந்த மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. நீங்களே செய்வதானால் பேட்டரி இணைப்பை நீக்கிவிட்டு, அந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். மின்தேக்கியில் தங்கியிருக்கும் மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்கச் செய்யப் போதுமானது. ஏர்பேக்கின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து எதையும் அளக்கக் கூடாது, ஏனெனில் மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமும் ஆபத்தானதே. கையில் எடுத்துச் செல்லும்போது அதன் மூடி உங்கள் உடலுக்கு எதிர்ப்புறம் பார்க்க வேண்டும். மேசையில் வைக்கும்போது மூடி மேல்நோக்கி இருக்க வேண்டும். வீலுக்குப் பின்னால் சுருள் நாடாவாக இருக்கும் கிளாக் ஸ்பிரிங், நடுநிலையிலிருந்து நழுவாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டி வைக்கப்பட வேண்டும். நழுவியது தெரியாமல் மாட்டினால், ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பும்போது உள்ளே இருக்கும் நாடா அறுந்துவிடும்.

தண்டும் ஹப்பும்

ஸ்டீயரிங் தண்டின் முனையில் நுண்ணிய பற்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். அதற்கு ஸ்பிளைன் என்று பெயர். பற்களின் எண்ணிக்கை, தண்டின் விட்டம், முனை கூம்பிச் செல்லும் விதம் ஆகியவை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும், சில வேளைகளில் ஒரே காரின் இரண்டு ஆண்டுகளுக்கு இடையிலும் வேறுபடும். சந்தையில் தனியாக விற்கும் ஸ்போர்ட்ஸ் வீல்களில் இந்தப் பற்கள் இருப்பதில்லை. தண்டையும் வீலையும் இணைக்கும் இடைப்பாகமே ஹப். இதைப் பாஸ் கிட் என்றும் சொல்வார்கள். ஆகவே வீல் பொதுப் பொருள், ஹப்தான் உங்கள் காருக்கே உரிய பொருள். அதனால்தான் தேடலை ஹப்பிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்: உங்கள் காருக்கு நம்பகமான ஹப் கிடைக்கிறதா, எந்தத் துளை அமைப்பில் கிடைக்கிறது, அதன் உயரம் எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், வாங்கக்கூடிய வீல்களின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

ஹப் வாங்கும்போது காரின் பெயரோடு, தயாரிப்பு ஆண்டு, விற்கப்பட்ட நாடு, ஏர்பேக் உண்டா இல்லையா, பவர் ஸ்டீயரிங் உண்டா இல்லையா என்பவற்றையும் சொல்ல வேண்டும். முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 அமெரிக்காவில் தொடக்கம் முதலே ஓட்டுநர் ஏர்பேக்குடன் விற்கப்பட்டது. அதே கார் ஜப்பானில் தொடக்க ஆண்டுகளில் ஏர்பேக் இல்லாமலும் வந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் வீலுக்குப் பின்னால் இருக்கும் கம்பியும் இணைப்பும் வேறு. கையேட்டைப் பார்த்தும் ஐயம் தீரவில்லையென்றால் வீலைக் கழற்றி, தண்டின் முனையை வெளிச்சத்தில் படமெடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள்.

சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது ஹப்தான். வளையத்தின் தோல் மட்டமாக இருந்தால் கை உறுத்தும், அவ்வளவே. ஹப்பின் பல் மழுங்கினால் வீல் தனியாகச் சுற்றும், சக்கரங்கள் திரும்பா. பற்கள் உள்ள நடுப்பகுதி எஃகாக இருக்கிறதா, தண்டில் கையால் நுழைக்கும்போது தள்ளாட்டமின்றி உட்காருகிறதா என்று பாருங்கள். "சற்றே இறுக்கமாக இருக்கும், நட்டைப் போட்டு இறுக்கினால் ஏறிவிடும்" என்று யாரேனும் சொன்னால் அந்த ஹப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மோதலின்போது ஓட்டுநரின் மார்பு ஸ்டீயரிங்கில் மோதும் வேகத்தைக் குறைப்பதற்கும், தண்டு பின்னோக்கிப் பாய்வதைத் தடுப்பதற்கும் அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் கார்களுக்குக் கட்டாய விதிகள் நடைமுறைக்கு வந்தன. மடங்கிக்கொள்ளும் தண்டும் நசுங்கிக்கொள்ளும் வீல் நடுப்பகுதியும் அதனால் பரவலாயின. நல்ல நிறுவனங்களின் ஹப்களில் சில, இதே எண்ணத்தில் நசுங்கும்படி செய்யப்பட்ட உடற்பகுதியைக் கொண்டிருக்கின்றன. திடமான அலுமினிய உருளையாக வரும் மலிவு ஹப்பில் அந்த வசதி இல்லை. இரண்டும் உங்கள் காருக்குக் கிடைக்குமானால், கூடுதல் பணத்தை இங்கே செலவழியுங்கள்.

இரண்டு மில்லிமீட்டரில் முடிந்த வியாபாரம்

வீலும் ஹப்பும் சேரும் முகத்தில் பெரும்பாலும் ஆறு போல்ட்டுகள் வட்டமாக அமைந்திருக்கும். அந்த வட்டத்தின் விட்டம் மோமோ, ஸ்பார்க்கோ, ஓ.எம்.பி. வீல்களில் 70 மில்லிமீட்டர். நார்டி, பெர்சனல் வீல்களில் 74 மில்லிமீட்டர். இங்கிலாந்தின் மோட்டோ-லீட்டா ஒன்பது துளை அமைப்பைப் பயன்படுத்துகிறது; அமெரிக்காவின் கிராண்ட் வீல்களில் மூன்று அல்லது ஐந்து துளைகள் உள்ளவை பரவலாக இருக்கின்றன. 70, 74 ஆகிய இரண்டு வட்டங்களிலும் துளையிட்ட ஹப்களும் கிடைக்கின்றன. பின்னால் வீலை மாற்றும் எண்ணம் இருப்பவருக்கு அவையே வசதி.

என் முதல் வீலை நான் வாங்கியபோது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. விற்றவர் "ஆறு துளை, எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்றார். எண்ணிப் பார்த்தேன், இரண்டிலும் ஆறுதான் இருந்தது. வீட்டில் ஹப்பின் மேல் வீலை வைத்தபோது முதல் போல்ட் சரியாக இறங்கியது. எதிர்ப்புறத்துப் போல்ட் மட்டும் துளையின் விளிம்பில் பிறை போல ஒதுங்கி நின்றது. வீலை நடுவுக்கு நகர்த்திப் பார்த்தால் ஆறு துளைகளும் ஆளுக்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றன. அரத்தால் துளைகளை நீளமாக்கிவிடலாம் என்று நண்பர் யோசனை சொன்னார், நல்லவேளையாகச் செய்யவில்லை. நீண்ட துளையில் போல்ட்டின் தலைக்குச் சரியான இருக்கை இல்லாமல் போகும், கை கொடுக்கும் ஒவ்வொரு அழுத்தத்திலும் வீல் சற்றே நகரும், நகர நகரப் போல்ட் தளரும். அந்த வீலை நட்டத்துக்கு விற்றுவிட்டு வேறு வாங்கினேன்.

அளப்பது எளிது. எதிரெதிரான இரண்டு துளைகளை எடுத்துக்கொண்டு, ஒன்றின் இடது ஓரத்திலிருந்து மற்றதின் இடது ஓரம் வரை வெர்னியர் காலிப்பரால் அளந்தால், மையத்திலிருந்து மையம் வரையுள்ள தூரம் நேராகவே கிடைத்துவிடும். பழைய வீல் எந்தப் பெயரைத் தாங்கியிருந்தாலும், இந்த அளவை விற்பவரிடம் படத்தோடு கேட்டு வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.

விட்டமும் ஆழமும்: அட்டையை வெட்டிப் பாருங்கள்

பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் 380 முதல் 400 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள பெரிய வீல்கள் இருந்ததற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று. சக்கரத்தைத் திருப்பத் தேவையான முறுக்குவிசை மாறாது; வீல் சிறுத்தால் கை கொடுக்க வேண்டிய விசை அதே விகிதத்தில் ஏறும். 380இலிருந்து 350க்கு இறங்கினால் ஏறத்தாழ 8.5 விழுக்காடு அதிகம் இழுக்க வேண்டும். 400இலிருந்து 340க்கு இறங்கினால் அது 17 விழுக்காட்டைத் தாண்டும். நெடுஞ்சாலையில் இது தெரியாது. நெருக்கடியான இடத்தில் வண்டியை நிறுத்தும்போது தோளில் தெரியும். அகலமான டயர் போட்டிருந்தால் இன்னும் கூடுதலாகத் தெரியும். பவர் ஸ்டீயரிங் இல்லாத காருக்கு 360க்குக் கீழே போவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். பவர் ஸ்டீயரிங் உள்ள காருக்கு 350 இயல்பான அளவு. 330 பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் நேராகச் செல்லும் சாலையில் சிறு கையசைவுக்கும் வண்டி துடிக்கும்.

சிறிய வீலை விரும்புவதற்கு நியாயமான காரணமும் உண்டு. உயரமானவர்கள் தாழ்வான காரில் அமரும்போது, கிளட்சை மிதித்து எழும் தொடை வீலின் அடிவிளிம்பில் இடிக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம் குறைந்தால் அடிப்பக்கம் 10 மில்லிமீட்டர் மட்டுமே இடம் கிடைக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இருக்கையின் பஞ்சு அமுங்கியிருப்பதைச் சரிசெய்தாலோ இருக்கையை ஒரு பல் பின்னே தள்ளினாலோ அதைவிட அதிக இடம் கிடைத்துவிடக்கூடும்.

வாங்குவதற்கு முன் கண்ணால் பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. கெட்டியான பெட்டி அட்டையில் 350 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தை வெட்டி, உள்ளே விரல் பருமனுக்கு விளிம்பை மட்டும் விட்டு மீதியை நீக்கிவிடுங்கள். கிடைக்கும் அட்டை வளையத்தை இப்போதுள்ள வீலின் மேல் நான்கு இடங்களில் ஒட்டுநாடாவால் ஒட்டி, இருக்கையில் வழக்கம்போல் அமர்ந்து டேஷ்போர்டைப் பாருங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் வேகமானியும் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். மானியும் பெரிய வீலின் மேல்வளைவுக்குள் அடங்கும்படி வைக்கப்பட்டிருக்கும். சிறிய வளையம் சிவப்புக்கோடு தொடங்கும் இடத்தையோ வேகமானியின் அன்றாடம் தேவைப்படும் எண்களையோ மறைக்கிறதென்றால், அந்த அளவு உங்களுக்கு ஆகாது. அரைமணி நேர வேலைதான் என்றாலும், ஒரு வீலின் விலையை எனக்கு இது மிச்சப்படுத்தியிருக்கிறது.

விட்டத்தைவிடப் பலரும் கோட்டைவிடுவது ஆழத்தில்தான். போல்ட் பூட்டும் முகத்திலிருந்து வளையம் ஓட்டுநரை நோக்கி எவ்வளவு முன்னே வருகிறது என்பதே ஆழம். தட்டை வீல்களில் அது மிகக் குறைவு. நடுத்தர ஆழமுள்ளவற்றில் 40 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஆழமானவை என்று விற்கப்படுபவற்றில் 65 முதல் 90 வரை போகும். இதோடு ஹப்பின் உயரத்தையும் கூட்ட வேண்டும். உதாரணமாக ஹப் 80, வீல் 40 என்றால் தண்டின் இருக்கையிலிருந்து வளையம் 120 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். உங்கள் பழைய வீலில் இதே தூரம் 110 என்றால், புதிய வளையம் 10 மில்லிமீட்டர் உங்கள் பக்கம் வரும். அது பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் அதே ஹப்பில் 90 மில்லிமீட்டர் ஆழமுள்ள வீலைப் போட்டால் வளையம் 60 மில்லிமீட்டர் முன்னே வந்துவிடும். அப்போது வளையத்தைப் பிடித்தபடியே விரலை நீட்டி இண்டிகேட்டர் கம்பியைத் தட்ட முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் கையை எடுத்துத்தான் தட்ட வேண்டியிருக்கும்.

சரியான தூரத்தைக் கண்டறியச் சாய்விருக்கையில் தோள் இரண்டும் ஒட்டியிருக்கும்படி அமர்ந்து கையை நேராக நீட்டுங்கள். மணிக்கட்டு வளையத்தின் உச்சியில் படிய வேண்டும். உள்ளங்கை மட்டுமே எட்டுகிறதென்றால் வீல் தொலைவில் இருக்கிறது. முன்கை படிகிறதென்றால் நெருங்கியிருக்கிறது. தொலைவில் இருக்கும் வீலை இடைத்தட்டு வைத்து முன்னே கொண்டுவரலாம். நெருங்கிவிட்ட வீலைப் பின்னே தள்ள வழியில்லை. ஆகையால் ஐயமிருந்தால் ஆழம் குறைந்த வீலையே தேர்ந்தெடுங்கள். இடைத்தட்டு வைத்தால் அதன் தடிமனுக்கு ஏற்ப நீளமான போல்ட்டுகளும் தேவை. வழக்கமான எம்5 போல்ட் அலுமினிய ஹப்பின் மரைக்குள் குறைந்தது ஏழெட்டு மில்லிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும்.

கழற்றி மாட்டும் குயிக் ரிலீஸ் பற்றியும் புதியவர்கள் கேட்கிறார்கள். அது ஆழத்தைக் கூட்டும், மலிவானவற்றில் நாளடைவில் ஆட்டமும் வரும். சாலைக் காருக்குத் தேவையில்லை.

கையில் படும் பகுதி

1964இல் இத்தாலியப் பந்தய ஓட்டுநர் ஜியான்பியரோ மொரெட்டி தன் பந்தயக் காருக்காகச் செய்வித்த வீலிலிருந்துதான் மோமோ நிறுவனம் பிறந்தது. அந்தக் காலத்து மெல்லிய வளையங்களைவிட அதன் பிடி பருமனாக இருந்ததே அதன் சிறப்பு; ஃபெராரிக்காக ஓட்டிய ஜான் சர்ட்டீஸும் அந்த ஆண்டிலேயே மொரெட்டியின் வீலைப் பயன்படுத்தினார். ஆனால் பருமன் எல்லாக் கைகளுக்கும் சௌகரியமன்று. சிறிய கையுடையவர் பருமனான வளையத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், இறுக்கிப் பிடித்தால் முன்கை விரைவில் சோர்ந்துவிடும். விரலும் கட்டைவிரலும் வளையத்தைச் சுற்றி ஒன்றையொன்று தொட்டால் அது உங்களுக்கு ஏற்ற பருமன்.

மேலுறையைப் பொறுத்தவரை மென்மையான தோல் எல்லாருக்கும் பொருந்தும், தேய்ந்தால் மீண்டும் தைக்கலாம். ஸ்வேட் எனப்படும் பஞ்சுபோன்ற மேற்பரப்புள்ள தோல், கையுறை அணிந்து ஓட்டும் பந்தயத்துக்கு ஏற்றது. வெறுங்கையின் வியர்வையும் எண்ணெயும் பட்டால் சில மாதங்களிலேயே அதன் பஞ்சுத்தன்மை போய்ப் பளபளத்துவிடும். பாலியுரேத்தேன் வார்ப்பு வளையம் சிக்கனமானது, பெயருக்குத்தான் தாழ்வு. நல்ல வார்ப்பு பல ஆண்டுகள் உழைக்கும். மர வளையம் பழைய காருக்கு அழகு என்பதில் மறுப்பில்லை, ஆனால் மலிவு விலையில் வரும் மர வீல்களில் மெல்லிய மரத்தோல் அல்லது மரம் போன்ற பூச்சு மட்டுமே இருக்கும். உண்மையான மர வளையத்தில் துண்டுகள் ஒட்டிய இணைப்புகளும், பெரும்பாலும் பின்புறம் ரிவெட்டுகளும் தெரியும்.

பயன்படுத்திய வீலும் போலி வீலும்

குறைந்த செலவில் நல்ல வீல் வேண்டுமென்றால், பெயர் பெற்ற நிறுவனத்தின் பயன்படுத்திய வீலைத் தேடுவதே என் பரிந்துரை. புதிய போலியைவிடப் பழைய அசல் மேல். நேரில் பார்க்க முடிந்தால் கண்ணாடி மேசையின் மேல் வளையம் கீழே படும்படி கவிழ்த்து வைத்து விளிம்பைத் தட்டுங்கள். ஒரு பக்கம் எழும்பி விழுந்தால் வளையம் கோணியிருக்கிறது, விபத்தில் அடிபட்டதாக இருக்கலாம். ஆரக்கால்கள் வளையத்துக்குள் நுழையும் இடத்தையும், போல்ட் துளைகளின் ஓரத்தையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் யாரோ தளர்ந்த போல்ட்டோடு ஓட்டியிருக்கிறார்கள். தோலைக் கட்டைவிரலால் அழுத்தித் திருகும்போது அது உள்ளிருக்கும் நுரையிலிருந்து தனியாகச் சுழன்றால், நுரை உதிரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தோல் தைத்துச் சரிசெய்ய முடியாது.

மோமோ, நார்டி, ஸ்பார்க்கோ ஆகியவற்றின் போலிகள் உலகெங்கும் விற்கின்றன. அவற்றை அடையாளம் காண ஒரே ஒரு குறி போதாது. ஜெர்மனியில் வாகனப் பாகங்களுக்குக் கே.பி.ஏ. என்ற அரசு ஆணையம் ஒப்புதல் எண் வழங்குகிறது. அசல் வீல்கள் பலவற்றின் பின்புறத்தில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும், மோமோவில் தயாரித்த தேதியும் இருக்கும். போலி செய்பவர் எண்ணையும் நகலெடுக்கத் தெரிந்தவர்தான். ஆகவே எண்ணோடு வேலைப்பாட்டையும் பாருங்கள்: தையலின் கண்கள் சீராக இருக்கின்றனவா, ஆரக்காலின் ஓரங்கள் மழுக்கப்பட்டிருக்கின்றனவா, எழுத்துகளின் இடைவெளி நிறுவனத்தின் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டு கைகளால் வளையத்தைப் பிடித்து முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். அசல் வீலும் சற்றே வளையும், ஆனால் மெல்லிய தகரம் போல நெளியாது, கிறீச்சிடாது. அசல் விலையில் மிகச் சிறு பங்குக்குப் புத்தம்புதிதாக விற்கப்படுவது அசலாக இருக்க வாய்ப்பில்லை.

மாட்டும் வேலை

சக்கரங்களை நேராக வைத்து, பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனை இணைப்பை நீக்குங்கள். ஹார்ன் மூடியைக் கழற்றி, தண்டின் முனையிலும் பழைய வீலின் நடுவிலும் ஒரே நேர்கோட்டில் வண்ணப் பேனாவால் குறியிடுங்கள். நடு நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுவதும் எடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று மரை பிடித்திருக்கட்டும். பல ஆண்டுகள் இறுகிக் கிடந்த வீல் திடீரென விடுபடும்போது, நட்டு இல்லையென்றால் அது நேராக முகத்துக்குத்தான் வரும். வளையத்தை இடமும் வலமும் மாறி மாறி இழுத்தும் விடுபடவில்லையென்றால் வீலை இழுத்தெடுக்கும் கருவியான புல்லரைப் பயன்படுத்துங்கள். தண்டின் முனையில் சுத்தியலால் அடிக்காதீர்கள். மடங்கிக்கொள்ளும் தண்டுகள் பலவற்றின் உள்ளே மோதலின்போது உடைவதற்காகவே வைத்த பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். சுத்தியல் அடியும் அவற்றுக்கு மோதல்தான்.

புதிய ஹப்பை ஏற்றும்போது, இண்டிகேட்டரைத் திருப்பிவிடும் முளைகள் அவற்றுக்குரிய பள்ளத்தில் அமர்கின்றனவா என்று பாருங்கள். ஹார்ன் இணைப்பில்தான் புதியவர்கள் அதிகம் திணறுகிறார்கள். பழைய கார்கள் பலவற்றில் ஹார்னுக்கு வீல் பக்கம் வருவது ஒரே கம்பிதான்; பொத்தானை அழுத்தும்போது அது ஹப், தண்டு வழியாக எர்த் ஆகி மின்சுற்று நிறைவடைகிறது. பொத்தானின் பின்புறம் இரண்டு முனைகள் இருந்தால், ஒன்றில் காரிலிருந்து வரும் கம்பியையும் மற்றதிலிருந்து ஹப்பின் வெற்று உலோகத்துக்கு ஒரு சிறு கம்பியையும் இணைக்க வேண்டும். ஹப்பின் கறுப்புப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. திருகு உட்காரும் இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டிவிடுங்கள். ஹார்ன் ஓயாமல் ஒலித்தால் கம்பி எங்கோ ஹப்பில் உரசுகிறது.

நடு நட்டை உங்கள் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஆறு போல்ட்டுகளை முதலில் கையால் ஏற்றி, பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி, ஹப் அல்லது வீல் தயாரிப்பாளர் கொடுத்த அளவில் முடியுங்கள். நடுத்தர வலிமையுள்ள மரைப் பசை ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி போதும். வீலோடு வந்த போல்ட்டுகளின் தலை, வீலின் துளைக்கு ஏற்பக் கூம்பாகவோ தட்டையாகவோ இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடக் கூடாது.

வண்டியை எடுப்பதற்கு முன், நின்ற நிலையில் இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். ஹப்பின் அடிப்பகுதி தண்டு மூடியில் உரசும் சத்தம் கேட்டால் மூடியைச் சரிசெய்ய வேண்டும். இண்டிகேட்டர் இரு பக்கமும் தானாகத் திரும்புகிறதா, ஹார்ன் எல்லாக் கோணத்திலும் ஒலிக்கிறதா என்று பார்த்த பிறகு, போக்குவரத்தில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். நேர்ச்சாலையில் வீல் சற்றே சாய்ந்து நின்றால், ஹப்பை ஒரு பல் நகர்த்தி நேராக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு பல்லுக்கும் குறைவான சாய்வென்றால், சக்கர அலைன்மென்ட் செய்யும் இடத்தில் முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளான டை ராடுகளை இருபுறமும் சமமாகத் திருத்திச் சரிசெய்துவிடுவார்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஹார்ன் பொத்தானைக் கழற்றி நட்டையும் ஆறு போல்ட்டுகளையும் மீண்டும் ஒருமுறை சோதியுங்கள்.

கழற்றிய வீலைத் தூக்கி எறியாதீர்கள். அதன் ஹார்ன் மூடி, சிறு ஸ்பிரிங்குகள், திருகுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வீலோடு கட்டி, வெயில் படாத இடத்தில் துணி சுற்றி வையுங்கள். பழைய காரை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அசல் வீல் இருக்கிறதா என்றுதான்.